கூரையக்காவுக்குள் ஒரு மின்கலம்

கூரைமேல் ஏறி சோலார் பேனல் மாட்டுகிற வேலையில் அந்த வட்டாரத்திலேயே இருந்த ஒரே பெண் அவள். அதனால் வாடிக்கையாளர், கடைக்காரர், கூட வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் அவள் கூரையக்கா. வயது ஐம்பத்தொன்று. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கோபப்பட்டுப் பார்த்தாள். பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பத்தொன்பது வயதில் வயரிங் வேலைக்கு வந்தவள். முதல் இரண்டு வருஷம் சுவரில் உளியால் பள்ளம் வெட்டுவது மட்டும்தான் அவளுடைய வேலை. அதற்கப்புறம் வயர் இழுக்க விட்டார்கள், அதற்கப்புறம் ஃபியூஸ் பெட்டியைத் தொட விட்டார்கள், அதற்கப்புறம் அவளில்லாமல் பெட்டியை மூட முடியாது என்ற நிலை வந்தது. சோலார் வந்த புதிதில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போனாள். அங்கே முதல் நாள் ஒரு பேனலை வெயிலில் சாய்த்துவைத்து, இரண்டு கம்பியையும் மீட்டரில் வைக்கச் சொன்னார்கள். முள் எழுந்தது. எரிபொருள் இல்லை, சுற்றுகிற சக்கரம் இல்லை, ஒரு சத்தம்கூட இல்லை. அவள் தன் துப்பட்டாவை எடுத்துப் பேனல்மேல் போட்டாள், முள் விழுந்தது. எடுத்தாள், எழுந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பயிற்சி கொடுத்தவர் வந்து, "போதும்மா, துப்பட்டா கிழிஞ்சிடப் போகுது" என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த மீட்டரையும் இன்னொரு மீட்டரை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். "மெஷினும் மனுஷன் மாதிரிதான். ஒருத்தர் சொன்னா வதந்தி, ரெண்டு பேர் சொன்னா சாட்சி" என்பாள்.

அவள் மகள் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். கடை என்றால் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். அம்மா கூரையில் இருக்கும்போது போனை எடுப்பதே இல்லை என்று மகளுக்குத் தீராத குறை. யாரோ விற்றுவிட்டுப் போன ஸ்மார்ட் வாட்ச் ஒன்றுக்குக் கண்ணாடி மாற்றி, ஒருநாள் காலை அம்மா கையைப் பிடித்து அவளே கட்டிவிட்டாள்.

"நான் கூப்பிட்டா இது கையில அதிரும். இனிமே கேக்கலன்னு சொல்ல முடியாது."

"உங்கப்பனே பரவாயில்ல" என்று கூரையக்கா முணுமுணுத்தாள். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது போன் பண்ணுவார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், பாதி வேலை முடிந்த ஒரு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாட்ச் அதிர்ந்தது. மகள்தான் என்று பார்த்தாள். மகள் இல்லை. பத்து நிமிஷமாக இதயத் துடிப்பு நாற்பதுக்குக் கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தது அவளுடைய கூட்டாளி. கதவு அகலத்துக்கு இருப்பார். ஊர் அவருக்கு ஒல்லி என்று பெயர் வைத்திருந்தது.

"என்னக்கா, பொண்ணு திட்டறாளா?"

"இல்லடா. இது என்னமோ என் நெஞ்சு மெதுவா அடிக்குதுங்குது."

"ஓசியில வந்த வாட்ச்சு. அதுக்கே நெஞ்சுவலியா இருக்கும்."

அவள் சிரித்தாள். ஆனால் மீட்டர் ஒன்று எண் சொன்ன பிறகு சும்மா இருக்க அவளால் முடியாது. கழுத்தில் இரண்டு விரலை வைத்து, போனில் ஒரு நிமிஷம் ஓடவிட்டு எண்ணினாள். முப்பத்துநான்கு. வாட்ச்சைக் கழற்றி ஒல்லியின் கையில் கட்டினாள். வார் கடைசி ஓட்டைக்குத்தான் எட்டியது. அவருக்கு எண்பத்திரண்டு காட்டியது. அவர் கழுத்தில் விரலை வைத்து எண்ணினாள். எண்பத்திரண்டுதான்.

"வாட்ச் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

ஒல்லியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அப்போதுதான் அவளுக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போன வாரம் ஏணியின் நடுவில் நின்று, வெயில் அதிகம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதியிருந்தாள்.

அன்றைக்கு ஒல்லி அவளை ஏணி வழியாக இறங்க விடவில்லை. வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உள்படிக்கட்டைத் திறக்கச் சொல்லி, அவள் முன்னால் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினார். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று.

மகள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடிவந்தாள். வாட்ச்சை அம்மா கையில் மறுபடியும் கட்டி, அதன் ஓரத்தில் இருந்த பொத்தானில் அவள் விரலை முப்பது வினாடி அழுத்திப்பிடிக்க வைத்தாள். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கி ஓடியது. இதய மருத்துவமனை ஒன்றின் எண்ணுக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். கால்மணி நேரத்தில் அங்கிருந்து ஒரு பெண் மருத்துவரே கூப்பிட்டார். "அம்மாவ நடக்க விடாம உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். அவள் புருஷன் வேன்காரருக்குச் சாவியைத் துவாரத்தில் போட மூன்று தடவை ஆயிற்று.

மருத்துவர் பெரிய ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்தார். பிறகு காகிதத்தை அவளிடம் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. இந்தச் சின்ன மேடு இருக்குல்ல, இது இதயத்தோட மேல் அறை. அது ஒழுங்கா, நேரம் தவறாம கூப்பிடுது. இந்தப் பெரிய மேடு கீழ் அறை. அதுக்கு அந்தக் கூப்பாடு வந்து சேரல. அதனால அது பாட்டுக்கு மெதுவா, இஷ்டத்துக்கு அடிச்சுக்கிட்டு இருக்கு."

கூரையக்கா காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்போ சுவிட்ச் நல்லாருக்கு. மோட்டாரும் நல்லாருக்கு. நடுவுல வயர் கட்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இத நான் பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். யாரும் இவ்ளோ சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டதில்ல. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். பேனலைத் தோளில் சுமப்பது, பாதுகாப்பு பெல்ட்டின் பட்டை தோளெலும்பின்மேல் இறுகுவது, துளை போடும் இயந்திரம் எல்லாவற்றையும் மருத்துவர் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அறுந்த வயருக்குப் பதிலாக இதயத்தைத் தூண்டிவிடுகிற பேஸ்மேக்கர் கருவி, வழக்கமானது என்றால் தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து இதயத்துக்கு வயர். இவள் வேலைக்கு அந்த இடத்தில் நாள் முழுக்கப் பட்டை உராயும்.

"உங்களுக்கு வயரே இல்லாதது வைக்கலாம்" என்று மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நோயாளிகளுக்குக் காட்டுவதற்கான மாதிரி அது. பெரிய சத்து மாத்திரை அளவு. இரண்டு கிராம்கூட இருக்காது. ஒரு முனையில் மீன்முள் போல நான்கு மெல்லிய கொக்கிகள்.

"இதுல பேட்டரி எங்க?"

"இதுலயேதான். பத்து வருஷத்துக்கு மேலயே வரும்."

கூரையக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி என்றால் அவளுக்குத் தெரிந்தது இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது, ஐந்து வருஷத்தில் முனகத் தொடங்குவது.

"நெஞ்சைத் திறப்பீங்களா?" வேன்காரர் கேட்டார்.

"தொடை இடுக்குல ஒரு ரத்தக்குழாய் இருக்கு. அது வழியா மெல்லிய குழாய் விட்டு மேல கொண்டுபோய், இதயத்தோட கீழ் அறையில மாட்டிட்டு வந்துடுவோம். அவங்க முழிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க."

"கீழ் அறையில உக்காந்துக்கிட்டு, மேல் அறை கூப்பிடறது இதுக்கு எப்படித் தெரியும்? நடுவுலதான் வயர் இல்லையே" என்றாள் கூரையக்கா.

"நல்ல கேள்வி. மேல் அறை சுருங்கும்போது ஒரு சின்ன அசைவு உண்டாகும். அந்த அசைவ இது உணரும். உள்ள அதுக்குன்னே ஒரு சில்லு இருக்கு."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "அசைவ உணர்ற சில்லா? போனைச் சாய்ச்சா படமும் சாயுதே, அந்த மாதிரியா டாக்டர்?"

"அதே வகைதான்."

"அத நான் வாரத்துக்கு நாலு மாத்தறேனே!" என்றாள் மகள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். கடையில் சாமணத்தால் எடுத்துக் குப்பையில் போடுகிற மிளகு அளவுப் பொருளின் உறவுக்காரன் ஒன்று தன் அம்மாவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவுக்கும் காது கொடுக்கப் போகிறது என்பது அவளுக்கு நம்ப முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே செய்துவிட்டார்கள். கூரையக்காவுக்குத் தொடையில் மட்டும் மரத்துப்போகிற ஊசி, கூடவே பயம் தணிய ஏதோ ஒரு மருந்து. தலைக்கு மேலே இருந்த திரையில் தன் இதயம் சாம்பல் நிறத்தில் அசைவதை அவள் பார்த்தாள். கீழிருந்து ஒரு குழாய் மெல்ல மெல்ல ஏறி வந்தது. சுவருக்குள் பதித்த குழாயில் வயர் விட்டு அடுத்த அறையில் எடுப்பதை முப்பது வருஷம் செய்தவள். வளைவில் தட்டாமல், முட்டாமல் போகிற கை எது என்று அவளுக்குத் தெரியும். இது அப்படிப்பட்ட கை. குழாய் நின்றது. அதன் வாயிலிருந்து மாத்திரை வெளியே வந்து இதயச் சுவரில் பற்றிக்கொண்டது. மருத்துவர் லேசாக இழுத்துப் பார்த்தார். பிடி விடவில்லை.

"நாங்களும் அப்படித்தான் இழுத்துப் பாப்போம்" என்றாள் கூரையக்கா, மேலே பார்த்தபடியே.

"பேசாதீங்கம்மா" என்றார் மருத்துவர். ஆனால் முகமூடிக்குப் பின்னால் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

அரைமணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்தான் ஆகியிருக்கும். திரையின் மூலையில் முப்பத்தாறு என்று இருந்த எண் எழுபதுக்குப் போயிற்று. விரல் நுனிகளில் சூடு வந்தது. இத்தனை நாள் கை சில்லென்று இருந்தது என்பதே, சூடு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த அன்று வேன்காரர் அவள் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஒரு சத்தமும் வரலையே. போட்டாங்களா இல்லையா?"

"என்ன எதிர்பாத்தீங்க? உங்க வேன் மாதிரி கடகடன்னா?"

"கொஞ்சம் சத்தம் வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார் அந்த மனுஷர். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கேலியை நிறுத்திக்கொண்டாள்.

உடம்பு தேறியது. வேலைதான் தேறவில்லை. நெஞ்சுக்குள் மின்சாரக் கருவி வைத்தவளை பேனல் மின்சாரத்தை மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் பக்கத்தில் விட, அவள் வேலை பார்த்த நிறுவனத்து மேலாளர் பயந்தார். பெரிய இன்வெர்ட்டருக்குள் ஓடுகிற மின்சாரம் அந்தச் சின்னக் கருவியைக் குழப்பிவிட்டால்? அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அலுவலகத்தில் போன் எடுக்கிற நாற்காலியைக் கொடுத்தார். ஆறு வாரம் கூரையக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் போன் செய்தால், "கூரை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? மரம் ஏதாவது நிழல் போடுதா?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசுவாள். ஜன்னலுக்கு வெளியே ஒல்லி வண்டியில் பேனல் ஏற்றும்போது கயிற்றை எப்படிக் கட்டுகிறார் என்று பார்த்துப் பல்லைக் கடிப்பாள்.

ஆறாவது வாரம் மருத்துவமனையில் சோதனை. அங்கேதான் கருவிக்காரரைப் பார்த்தாள். இந்த வகைக் கருவிகளைச் சோதித்துச் சரிபார்ப்பதே அவர் தொழில். ஒடிசலான, கண்ணாடி போட்ட, மெல்லிய குரல் ஆள். வயது அவளை ஒத்ததுதான். உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை அவள் நெஞ்சின்மேல் வைத்தார். பக்கத்தில் இருந்த திரையில் கோடு ஓடத் தொடங்கியது.

"இந்தச் சின்ன மேடு மேல் அறை. இந்த ஒல்லியான செங்குத்துக் கோடு நம்ம கருவி கொடுக்கிற பொறி. அதுக்கு அடுத்த பெரிய மேடு, கீழ் அறை அதுக்குப் பதில் சொல்றது."

"பொறி எத்தனை வோல்ட்டு?"

"ஒண்ணரை."

"சுவர்க் கடிகாரத்துல போடற செல்லு!"

"அவ்ளோதான். அதுவும் ஒரு வினாடியில ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரம்கூட இல்ல."

மருத்துவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "இப்போ கருவிய கொஞ்சம் பின்வாங்கச் சொல்லப் போறோம். உங்க இதயம் தானா எவ்ளோ அடிக்குதுன்னு பாக்கணும். தலை லேசா சுத்தலாம், பயப்படாதீங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."

கருவிக்காரர் திரையைத் தொட்டார். ஒல்லிக் கோடு காணாமல் போயிற்று. சின்ன மேடு வந்தது. அதற்குப்பின் எதுவும் வரவில்லை. இன்னொரு சின்ன மேடு. எதுவும் வரவில்லை. மூன்றாவது. அறையின் சத்தமெல்லாம் தூரத்துக்குப் போயிற்று. மேல் அறை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, கீழே யாரும் கேட்கவில்லை. தட்டையான கோட்டைப் பார்த்தபடி கூரையக்கா மூச்சை நிறுத்திக்கொண்டாள். கடைசியில் ஒரு பெரிய மேடு, அகலமாக, களைத்துப்போனதுபோல, தனியாக வந்தது.

"போதும்" என்றார் மருத்துவர். ஒல்லிக் கோடு திரும்பி வந்தது. அதன் தோளைப் பிடித்துக்கொண்டே பெரிய மேடும் வந்தது. உயிர் போய் உயிர் வந்தது என்று அவள் வாழ்நாளில் எத்தனையோ தடவை, பஸ்ஸைத் தவறவிட்டதற்கும் கண்ணாடி டம்ளர் கைநழுவியதற்கும் சொல்லியிருக்கிறாள். இனி அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"இது ஒவ்வொரு துடிப்புக்குமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும். நீங்க தூங்கும்போதும். ஒரு நாளைக்கு லட்சம் தடவை."

அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். யாரை என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டாள்.

வேலை விஷயத்தைச் சொன்னபோது கருவிக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்க மேலாளர் பயப்படறதுல தப்பில்ல. ஆனா பயத்த அளந்து பாக்கலாமே. நான் கருவியோட உங்க வேலையிடத்துக்கே வர்றேன்."

அளந்து பார்க்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் சோதனை வைத்தார்கள். நிலையத்தின் கூரை முழுக்கப் பேனல். கீழே ஆளுயர இன்வெர்ட்டர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்த அறை. அகலமான பட்டையால் தட்டை அவள் நெஞ்சில் கட்டிவிட்டு, கருவிக்காரர் திரையோடு ஓரமாக நின்றார். மேலாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒல்லி சுவிட்ச் பெட்டி அருகில்.

ஐந்தடி தள்ளி நின்றாள். பிறகு மூன்றடி. பிறகு ஒரு முழம். ஒல்லி பெரிய சுவிட்சை அணைத்துப் போட்டார், மறுபடியும் அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அறையே ஒருமுறை குலுங்கி அடங்கியது. எல்லோரும் திரையையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். சின்ன மேடு, ஒல்லிக் கோடு, பெரிய மேடு. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு நகரத்துக்கே போதும் என்று தோன்றுகிற அந்த உறுமலுக்கு நடுவில், கடிகாரச் செல் அளவு வலுவுள்ள ஒன்று தன் காரியத்தில் கண்ணாக இருந்தது.

"துளை போடற மெஷினையும் பாத்துடலாம்" என்றாள் கூரையக்கா. இயந்திரத்தை எடுத்து, முப்பது வருஷப் பழக்கத்தில் பின்பக்கத்தை நெஞ்சோடு அழுத்தி ஓடவிட்டாள். திரையில் கோட்டின்மேல் கிறுக்கல் விழுந்தது.

"நிறுத்துங்க!" என்றார் கருவிக்காரர். அவள் நிறுத்திவிட்டாள். கோடு சுத்தமாயிற்று. "ஒரு துடிப்பும் போகல. ஆனா இதுதான் எல்லை. நெஞ்சுலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் பிடிச்சா பிரச்சனை இல்ல. வெல்டிங் நடக்கிற இடத்துல நீங்க நிக்க வேண்டாம். மத்தபடி தாராளமா."

மேலாளர் வாசலிலிருந்து உள்ளே வந்தார். "எழுதிக் கொடுத்துடுங்க சார், போதும்" என்றார். ஒல்லி யாருக்கும் முகம் காட்டாமல் சுவிட்ச் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கருவிக்காரர் கொஞ்சம் தயங்கினார். "நான் ஒண்ணு கேக்கலாமா? இவ்ளோ பக்கத்துல வந்துட்டேன். மேல போய்ப் பாக்க விடுவாங்களா?"

கூரையக்கா அவருக்குப் பாதுகாப்பு பெல்ட் மாட்டி, கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, முன்னால் ஏறினாள். இருபத்தெட்டுப் படி. இரண்டு மாதத்துக்கு முன்னால் பாதியில் நின்ற கால்கள் இப்போது நிற்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. பின்னால் வந்தவர்தான் படிக்குப் படி நின்று வந்தார்.

மேலே எண்ணூறு பேனல்கள் கருநீலமாக, ஒரே சாய்வில், ஓரம்வரை விரிந்து கிடந்தன. கருவிக்காரர் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"சத்தமே இல்லையே."

"இருக்காது."

போனில் நிலையத்தின் கணக்கைத் திறந்து காட்டினாள். அந்த நிமிஷத்தில் இருநூற்று நாற்பது கிலோவாட். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மேகம் வந்தது. அதன் நிழல் கூரையின் ஓரத்தில் ஏறி வரிசை வரிசையாக நடந்தது. போனில் எண் நூற்றெழுபது, நூற்றுப்பத்து, எண்பது என்று விழுந்தது. நிழல் மறுபக்கம் இறங்கியது. வெயில் திரும்பியதும் எண் ஏறத் தொடங்கியது. கருவிக்காரர் போனையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"தினமும் இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"தினமும் இதைத்தான். நீங்க அந்தக் கோட்டைப் பாக்கற மாதிரி."

"பழகிடுமா?"

அவள் கூரையின் மறு ஓரம்வரை பார்த்தாள். பழகிவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். "இன்னும் இல்ல" என்றாள்.

கீழிருந்து ஒல்லியின் குரல் வந்தது. "அக்கா! மேல என்ன பண்றீங்க? மாத்த வேண்டிய பதினாலு பேனல் வண்டியிலயே கெடக்கு!"

கருவிக்காரரைப் பத்திரமாக இறக்கிவிட்டு, கூரையக்கா மறுபடியும் மேலே ஏறினாள். பதினாலையும் மாட்டி முடித்த பிறகுதான் இறங்கினாள்.